கிழியாத டிக்கெட்

விசில் ஊதிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரமும் அதன் நிழலில் எங்கள் ஊர் வேனும். சுவர் பக்கம் திரும்பிக்கூட உட்காராதே என்று எங்கள் மேளக்காரர் ஆன்சலம் அண்ணன் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். சுவர் என்ன கண்ணாடியா, திரும்பினால் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேன் படியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் நான் கெட்டிக்காரன், அதனால்தான் இந்த வேலை எனக்கு. வேனுக்குள்ளிருந்து ஒரு வாடை வருகிறது. நேற்று சாயங்காலப் பூசை முடிந்து எங்கள் ஊர் சூசைத்துறையில் ஏறியதிலிருந்து வியர்த்த வாடை, என் வீட்டுக்காரி லீலா தூக்குச்சட்டியில் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், யாரோ எடுத்த வாந்தியைக் கழுவிய வாடை. திருவனந்தபுரம் தாண்டும்வரை பாட்டு, கொல்லம் தாண்டும்வரை சண்டை, அப்புறம் ஒருத்தர் தோளில் ஒருத்தர் தலை. இந்த மலப்புறத்து ஊருக்கு வந்து இறங்கியபோது இடுப்பு எனக்குச் சொந்தமாக இல்லை. ஊரில் எல்லோரும் இவ்வளவு தூரம் வருவது ஆட்டம் பார்க்க. நான் வருவது பார்க்காமல் இருக்க. போன் ஆன்சலம் அண்ணன் பையில் இருக்கிறது, யாராவது எனக்கு ஸ்கோர் அனுப்பிவிடக் கூடாதாம். உள்ளே நீல ஜெர்சியில், முதுகில் நான்கு என்று போட்டுக்கொண்டு, கோல் விழாமல் தடுக்கிற ஸ்டாப்பர் இடத்தில் நிற்கிறாள் என் மகள் ஜெபிஷா. இன்று பைனல். அவள் இந்த நீல ஜெர்சியைப் போடுவதும் இன்றோடு சரி.

ஆட்டத்தை நான் பார்த்தால் எங்கள் கிளப் தோற்கும். இதைச் சிரிக்காமல் சொல்லப் பழகிவிட்டேன். முதலில் எல்லோரும் சிரித்துத்தான் சொன்னார்கள். கண்ணூரில் பையன்களின் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது, பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த நான் உள்ளே கால் வைத்தேன், விழுந்தது எங்கள் போஸ்டில். தற்செயல். திருச்சூரில் நான் ஒன்றுக்குப் போன நேரத்தில் எங்களுக்கு இரண்டு கோல், திரும்பி வந்து உட்கார்ந்ததும் மூன்று வாங்கினோம். ஆன்சலம் அண்ணன் மேளத்தை மடியில் கவிழ்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அடிக்கவேயில்லை. அடுத்த தடவை கொச்சியில் நானே எழுந்தேன், யாரும் போகச் சொல்லவில்லை, நானே வெளியே வந்து ஒரு ஜூஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெயித்தோம். அவ்வளவுதான், எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கடற்கரையில் நாங்கள் இப்படித்தான், வேறு ஊர்க்காரனுக்குச் சொன்னால் புரியாது. வள்ளம் தள்ளப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் அவன் திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். வலையைக் குறுக்கே தாண்டியவனை வாரம் முழுக்கத் திட்டுவோம். உயிரைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கிறவனுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே கையால் என்னையும் பிடித்துக்கொண்டார்கள். அதிலொன்றும் குறையில்லை எனக்கு, நிஜமாகச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான். கிளீட்டஸ் ஏறியாச்சா என்று கேட்காமல் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. ஜெயித்துவிட்டால் எல்லோரும் வாசலைத் தாண்டி ஓடிவந்து கோல் அடித்தவனைத் தூக்குவதற்கு முன்னால் என்னைத் தூக்குவார்கள். ஒரு தடவை தூக்கியதில் என் வேட்டி அவிழ்ந்தது, அதையும் ராசி என்று அடுத்த மேட்சுக்கும் வேட்டியே கட்டச் சொன்னார்கள். டிக்கெட் மட்டும் எனக்கும் எடுத்துவிடுவார்கள். ஆன்சலம் அண்ணன் அதில் கறார், வந்த தலைக்கு டிக்கெட் உண்டு, ஓசியில் நிற்கிறவன் நம்ம ஊர்க்காரன் இல்லை. இதோ சட்டைப்பையில் இன்றைய டிக்கெட். வீட்டில் அலமாரிக்கு மேல் ஒரு பிஸ்கட் டின்னில் பழையவை கிடக்கின்றன, ஒன்றுகூடக் கிழிபடாதவை. போன வருஷம் ஜெபிஷா அதைத் திறந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மூடிவைத்தாள். நான் அப்போது ஷேவ் செய்துகொண்டிருந்தேன், கண்ணாடியில் அவள் முதுகுதான் தெரிந்தது.

அய்யோ, இது என்ன சத்தம். ஊரே எழுந்து நின்று கத்துகிறது, மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறக்கின்றன, வேனின் தகரம் அதிர்கிறது. கோல்தான். அவர்களுக்கு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கில் அவர்கள், ஒரு மூலையில் ஒரு வேன் நிறைய நாங்கள். இரைச்சல் வந்தால் அவர்கள் கோல். நாங்கள் அடித்தால் அத்தனை கூட்டமும் வாயடைத்துப் போகும், அந்த அமைதிக்குள் எங்கோ அடியில் ஆன்சலம் அண்ணனின் ஒற்றை மேளம் டம டமவென்று கேட்கும். வெளியூர் ஆட்டத்தில் சத்தம் எதிரி, அமைதி நம் ஆள். நானாகக் கண்டுபிடித்த பாடம் இது. என் காது அப்படிப்பட்ட காது. விடியற்காலையில் பாயில் படுத்தபடியே வருவது யாருடைய வள்ளம் என்று இன்ஜின் சத்தத்தில் சொல்லிவிடுவேன், வலது பக்கம் இழுக்கிறது, பெலிக்ஸின் வள்ளம், பாரம் கூட, நல்ல மீன்பாடு கிடைத்திருக்கிறது என்று லீலாவிடம் சொல்வேன், அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்பாள். அப்படியானால் ஒன்றுக்குப் பூஜ்யம். ஆரம்பத்திலேயே. மரத்தடியில் என்னோடு இருப்பது ஒரு கடலைக்காரர் மட்டும், மொய்து என்று பெயர், எல்லோருக்கும் மொய்துக்கா, தலையில் வெள்ளைத் தொப்பி, தள்ளுவண்டியில் மண்சட்டியை வைத்துக் கடலையைச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறார். ஏன் உள்ளே போகவில்லை என்று வந்ததுமே மலையாளத்தில் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, பெரிய பொறுப்புதான் என்றார். யாராவது வந்து உங்களிடம் ஸ்கோர் சொன்னாலும் என் காதில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்று ஒரு பொட்டலம் கடலை தந்தார். கடலை கையில் இருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அந்தக் கோல் எந்தப் பக்கமாக வந்திருக்கும், ஸ்டாப்பரைத் தாண்டித்தானே வந்திருக்கும். அவள் தவறவிட்டாளோ. தவறவிட்டால் யாராவது அவளைத் திட்டுவார்களோ. லீலா பக்கத்தில் இருக்கும்போது யார் திட்டிவிட முடியும், அவள் வாய்க்கு இந்த ஸ்டேடியம் போதாது.

லீலா உள்ளே போகும்முன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இங்கேயே நிற்கிறது. சண்டை போட்டிருந்தால் தேவலை. ஊரிலிருந்து கிளம்பும்போதே போட்டாயிற்று என்பதால் வெறுமே பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த மாசம் பிள்ளை கௌஹாத்திக்குப் போகிறாள். ரயில்வேயில் வேலை, பந்து விளையாடித்தான் கிடைத்தது, இனி அவர்கள் டீம், அவர்கள் ஜெர்சி. கௌஹாத்தி எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டினாள். நான் கன்னியாகுமரியில் ஒரு விரலை வைத்தேன், இன்னொரு விரல் போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் விளையாடி ஒரு மேட்ச் முழுசாகப் பார்த்ததில்லை. ஒன்றுகூட. சின்னப் பிள்ளையில் கரையில் பையன்களோடு உதைப்பதைப் பார்த்திருக்கிறேன், வலை பின்னுகிற சாக்கில் உட்கார்ந்து, பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பெலிக்ஸின் மகனைத் தள்ளிவிட்டு அவள் பந்தை எடுப்பதைப் பார்த்து எனக்குள்ளே சிரித்திருக்கிறேன். கிளப்பில் பெண்பிள்ளைகளின் டீம் தொடங்கி அவள் நீல ஜெர்சி போடுவதற்குள் என் கண்ணுக்குப் பேர் கிடைத்துவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, பிள்ளைகள் ஆட்டம்தானே, வந்து பாரும் என்றுகூடச் சொன்னார்கள். எனக்குத்தான் பயம். ஆண்பிள்ளைகள் தோற்றால் டீக்கடையில் ஒரு நாள் பேச்சு. அவள் தோற்று, அது என்னால் என்று அவள் மனசில் ஒரு நினைப்பு வந்துவிட்டால். நேற்று அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜிலிருந்து போன் செய்தாள். வண்டி கொல்லத்தில் நின்றிருந்தது, எல்லோரும் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். சாப்பிட்டீங்களா, அம்மைக்கு முட்டுவலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக, "அப்பா, நாளைக்கு நீங்க உள்ள வரணும்" என்றாள். ஜெயிச்சிட்டு வா மக்களே, பிறவு பாப்போம் என்றேன். பிறகு எங்கே பார்ப்பது. அவளும் அதைக் கேட்கவில்லை. சரி என்று வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த லீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெத்தவனுக்க கண்ணு எப்பிடிக் கெட்ட கண்ணாவும்" என்றாள். நான் டீ குடிக்க இறங்கிவிட்டேன்.

அமைதி. கேட்டீர்களா மொய்துக்கா, அமைதி. முதலில் ஒரு பெரிய இரைச்சல் கிளம்பிவந்தது, நடுவில் கத்தரித்த மாதிரி நின்றது, ஆ என்று ஆயிரம் வாய், அப்புறம் ஒன்றுமில்லை. அதற்குள்ளே, அதோ, மேளம். டம டம. ஆன்சலம் அண்ணன் பேய் பிடித்தவர்போல் அடிக்கிறார். ஒன்றுக்கு ஒன்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வாய் நிறையப் போட்டுக்கொண்டேன், இப்போது இறங்குகிறது. நான் வெளியே இருக்கிறேன், அதனால் இறங்குகிறது, பார்த்தாயா லீலா, உன் மகளுக்கு நான் செய்கிற உபகாரம் உனக்கு எங்கே தெரியப்போகிறது. அங்கே கத்துகிற அத்தனை அப்பன்மாரும் பிள்ளைக்கு என்ன செய்துவிட்டார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதானே. நான் இங்கே வெயிலில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். எதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எதையோ. கழுத்தில் கிடக்கிற மாதா படம் போட்ட உத்தரியத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இடைவேளை விசில் வந்தது. இடைவேளையில் யாரும் என் பக்கம் வரக் கூடாது, முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேனாம். உள்ளூர்ப் பையன்கள் சிலர் கடலை வாங்க வந்து மொய்துக்காவிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார்கள், நான் எழுந்து வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைக் கிளறினார். நல்ல மனிதர், முகத்தைக் காட்டக் கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பாதிதான் நீளம். கடலில்கூட இப்படித்தான், போகும்போது தெரியாது, திரும்பும்போது கரை தள்ளித் தள்ளிப் போகும். வெயில் இறங்கிவிட்டது, மரத்து நிழல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு நாய் வந்து வேனின் டயரை மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது, நான் விரட்டவில்லை, அதுவும் ராசியாக இருக்கலாம். ஒரு இரைச்சல் வந்தது. வந்து பாதியில் தயங்கியது, பிறகு கொஞ்சம் எழும்பிக் கலைந்தது. கோல் இல்லை. கோலுக்கு அப்படித் தயக்கம் வராது, ஆப்சைடு கொடுத்திருப்பார்கள், அல்லது போஸ்டுக்கு மேலே போயிருக்கும். என் காது பொய் சொல்லாது. கௌஹாத்தியில் மழை நிறையப் பெய்யுமாம். அங்கே மீன் கிடைக்கும், ஆற்று மீன், அவளுக்கு ஆற்று மீன் பிடிக்காது, முள் குத்தும் என்பாள். அங்கே ஆட்டம் பார்க்க யார் போவார்கள். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்க மாட்டான். ஜெபிஷா என்ற பேரை அவர்கள் எப்படிச் சொல்லப் போகிறார்களோ. இங்கே மட்டும் நீ கூப்பிட்டாயா என்று ஒரு குரல் கேட்கிறது, லீலாவின் குரல் மாதிரியும் இருக்கிறது, என் குரல் மாதிரியும் இருக்கிறது. நான் கூப்பிடாதது அவள் நல்லதுக்கு. நல்லதுக்கா. கண்ணூரில் என் கண் தோற்கடித்தது சரி, அதற்கு முன்னால், என் கண்ணுக்குப் பேர் வருவதற்கு முன்னால், அவர்கள் தோற்றதே இல்லையா. எத்தனையோ தோற்றார்கள். நான் கடலில் கிடந்த நாட்களிலும் தோற்றார்கள். அதை ஏன் ஒருத்தனும் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் நான் வெறுமே ஒரு வேனுக்குக் காவல் இருக்கிற ஆள். இந்த யோசனை வேண்டாம், இப்போது வேண்டாம், ஆட்டம் நடக்கும்போது இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, நினைப்புக்கும் கண் உண்டு.

அமைதி. இதுதான். சுத்தமான அமைதி. முன்னால் வந்ததைவிடப் பெரிய அமைதி. ஒரு ஊர் முழுக்க மூச்சை நிறுத்திக்கொண்டது மாதிரி. இரண்டுக்கு ஒன்று. மாதாவே, என் தாயே. நான் எழுந்துவிட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொய்துக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டேன், நம்ம பிள்ளைங்க அடிச்சாச்சு, நம்ம பிள்ளைங்க அடிச்சாச்சு என்று அவர் தோளைத் தட்டுகிறேன், அவருடைய தொப்பி சரிகிறது. ரோட்டில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்துவிட்டேன். தார் இன்னும் சுடுகிறது. மேளம் எங்கே. மேளம் வரவில்லை. ஆன்சலம் அண்ணன் அழுதுகொண்டிருப்பார், அவர் சந்தோஷம் வந்தால் அழுகிற ஆள். அல்லது தோல் கிழிந்திருக்கும், இடைவேளைக்கு முன்னால் அடித்த அடிக்குக் கிழியாமல் இருக்குமா. ஒரு நிமிஷம் பொறுப்போம். அமைதி அப்படியே நிற்கிறது. இவ்வளவு நேரமா. கோல் விழுந்தால் பந்தை நடுவில் வைத்து உடனே தொடங்குவார்களே, உள்ளூர்க்காரன் தன் பிள்ளைகளை உசுப்பிவிடக் கத்துவானே. அப்போது கைதட்டல் தொடங்கியது. சந்தோஷக் கைதட்டல் இல்லை. கல்லறைக்குக் கொண்டுபோகும்போது மணி அடிப்பார்களே, ஒன்று, நிறுத்தி இன்னொன்று, அப்படி. மொய்துக்கா தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்து நின்றுவிட்டார். இடைவேளைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். யாருக்கோ அடிபட்டிருக்கிறது, குழந்தைகளில் யாருக்கோ, தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதற்குத்தான் இந்தக் கைதட்டல் என்று மெல்ல மலையாளத்தில் சொன்னார். நான் இன்னும் முட்டி போட்டிருந்தேன். ஒரு பிள்ளை அங்கே விழுந்து கிடந்த நேரத்தில் நான் இங்கே கும்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை. இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எதற்கு அதுவாக இருக்க வேண்டும். ஸ்டாப்பர். எல்லாரும் வந்து மோதுகிற இடம். மேளம் வரவில்லை. எங்கள் மேளம் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

வாசலுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று வேனடியில் கிடந்திருக்கிறது, அப்புறம்தான் பார்த்தோம். வாசலில் நின்ற பையன் கையை நீட்டினான், நான் சட்டைப்பையில் விரலை விட்டு எடுத்துக் கொடுத்தேன், அவன் கிழித்துப் பாதியை என் கையில் வைத்தான். அந்தச் சத்தம் கேட்டது, சின்னச் சத்தம்தான். படி ஏறினால் ஒரே பச்சை. கண் கூசியது. எங்கே எங்கே என்று தேடுகிறேன், மஞ்சள் ஜெர்சி ஒன்று ஸ்ட்ரெச்சரில் போகிறது, ஒரு கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுகிறாள் அந்தப் பெண், அதற்குத்தான் கைதட்டல். மஞ்சள். அவர்களுடைய பெண். அப்படியானால், என்று மூச்சு விடப்போனேன், விடவில்லை, போஸ்டுக்குப் பக்கத்தில் புல்லில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனிந்து, டாக்டர் ஒருவர் குனிந்து அவள் புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நீலம். முதுகில் நான்கு. எங்கள் மூலையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஆன்சலம் அண்ணன் முதலில் என்னைப் பார்த்தார். நான் போய்விடுகிறேன் என்பதுபோல் கையைத் தூக்கிவிட்டேன், பழக்கம். அவர் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். லீலா திரும்பிப் பார்த்தாள், படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். போய் உட்கார்ந்தேன். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. தலையும் தலையும் மோதிக்கிட்டு விழுந்தாளுவ என்றாள். ஸ்கோர் போர்டு எதிரிலேயே இருந்தது. இரண்டு, பூஜ்யம். பூஜ்யம் எங்களுக்கு. அப்படியானால் அந்த மேளம் எதற்கு என்று லீலாவிடம் கேட்டேன். அவர்களுக்குக் கிடைத்த பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் பிடித்தாளாம், அதற்கு. தயங்கி வந்த இரைச்சல்தான் இரண்டாவது கோல், லைன்ஸ்மேன் கொடி தூக்குகிறாரா என்று பார்த்துவிட்டுக் கத்தினார்களாம். என் காது, என் பாடம், எல்லாம் போயிற்று. இவ்வளவு நேரமும் வெளியே நான் வேறு ஒரு ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் எழுந்தாள். டாக்டர் வேண்டாம் என்பதுபோல் சொல்ல, அவள் தலையை ஆட்ட, அவர் கண்ணுக்கு முன்னால் விரலை அசைத்துக் காட்டி, ஏதேதோ கேட்டு, கடைசியில் புருவத்துக்கு மேல் பெரிய பிளாஸ்திரியாக ஒட்டி விட்டுவிட்டார். ஜெர்சியைக் கீழே இழுத்துவிட்டு எங்கள் மூலையைப் பார்த்தாள். அம்மையைப் பார்க்கத்தான் திரும்பியிருப்பாள். நின்றாள். நான் அசையாமல் இருந்தேன், கண்ணைக் கீழே போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, போடவில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை, கையாட்டவில்லை, சிரிக்கவில்லை, திரும்பி ஓடிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். ஆனால் நடையில் ஏதோ இருந்தது, பெலிக்ஸின் மகனைத் தள்ளிவிட்டுப் போன நடை. அப்புறம் நான் பார்த்தேன். மிச்சமிருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது, அவ்வளவையும் பார்த்தேன். அவள் பந்திடம் ஓடுவதில்லை. பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறாள். மஞ்சள் பெண்கள் வருகிறார்கள், இடம் இல்லாமல் திரும்புகிறார்கள், ஏன் திரும்பினார்கள் என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை, அவள் அங்கே நின்றதால் திரும்பினார்கள். ஒருத்தி தாண்டிவிட்டாள், கோல்கீப்பரும் முன்னே வந்துவிட்டாள், காலியான போஸ்டுக்குப் பந்து உருண்டுகொண்டிருக்கிறது, எங்கிருந்தோ வந்து விழுந்து கோட்டின் மேலிருந்து காலை நீட்டி வெளியே தள்ளினாள். எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் ச்சே என்று உட்கார்ந்தார்கள், எங்கள் மேளமும் அடிக்கவில்லை, தோற்றுக்கொண்டிருக்கிறவன் இதற்கெல்லாம் எங்கே அடிப்பான். கோல் விழுந்தால் சத்தம், விழாமல் போனால் என்ன சத்தம். இவளுடைய வேலைக்குச் சத்தமே கிடையாது. இத்தனை வருஷமும் சுவருக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் பிள்ளை செய்தது ஒன்றுகூட அதில் கேட்டிருக்காது.

தோற்றோம். விசில் ஊதியதும் மஞ்சள் கூட்டம் உள்ளே குதித்தது. எங்கள் பிள்ளைகள் ஆங்காங்கே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் இறங்கிப் போய்க் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு காலில் செருப்பில்லாமல். மன்னிச்சிரு மக்களே, நான் வந்ததினாலே என்று தொடங்கியும்விட்டேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, மறு கண் என்னையே பார்த்தது.

"ரெண்டு கோலும் நீங்க வெளிய நின்னப்ப விழுந்ததுப்பா" என்றாள். பிறகு, வேலியில் என் விரலுக்குமேல் விரலை வைத்துக்கொண்டு, "கோட்டுல வச்சு ஒண்ணு எடுத்தேன். பாத்தீங்களா?"

"பாத்தேன் மக்களே."

"அது வேற ஆருமே பாக்கல்ல" என்று சொல்லி அழுதாள். தோற்றதற்கு அழவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

வேனில் ஏறினோம். மொய்துக்கா ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கடலையும் என் செருப்பையும் தந்துவிட்டுப் போனார். ஆன்சலம் அண்ணன் மேளத்தை உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டே ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும், "லே கிளீட்டஸ், நீ உள்ள வந்த பிறவு ஒரு கோலும் விழல்ல, கவனிச்சியா" என்றார். எல்லோரும் அதை நினைத்துப் பார்க்கிறார்கள். பின்னாலிருந்து யாரோ ஆமா லே என்றான். இனி எந்த மேட்சானாலும் இவன் உள்ளே இருக்கணும், லீலாவுக்க வலது பக்கத்துல, ஒத்தைச் செருப்போட என்று அங்கேயே முடிவாகிவிட்டது. லீலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இடித்தது, இனி எந்த மேட்ச், எந்த மேட்சுக்கு உள்ளே இருந்து யாரைப் பார்ப்பது. சட்டைப்பையில் பாதி டிக்கெட் இருந்தது, விரலால் தடவினால் கிழிந்த ஓரம் சொரசொரவென்றிருந்தது. வண்டி நகர்ந்தது. கிளீட்டஸ் ஏறியாச்சா என்று இன்றைக்கு டிரைவர் கேட்க மறந்துவிட்டான். "அண்ணா, கௌஹாத்திக்கு ரயில் எவ்வளவு நேரம் ஓடும்?" என்றேன். ஆன்சலம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். மேளத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் ஓடுமடா, அவ்வளவு தூரத்துக்கு மரச்சீனி கெட்டுப்போகும், வேறு ஏதாவதுதான் கட்டிக்கொண்டு போகணும் என்றார்.